பெண்ணழைப்புப் பட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முதல் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் போனில் ஒரு படிவம் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். நம் அனுபவம் அதில் அடங்குமா? மிஞ்சியது எங்காவது போய்ச் சேர வேண்டும் அல்லவா, இங்கே சேரட்டும்.

வேலை ரகசிய வேலை. கடைக்கு வாடிக்கையாளர் மாதிரிப் போக வேண்டும். பொருளைப் புரட்டிப் பார்க்க வேண்டும், விலை கேட்க வேண்டும், அங்கே நிற்பவர்கள் சிரித்துப் பேசுகிறார்களா, பில் கொடுக்கிறார்களா, கழிவறையில் சோப்பு இருக்கிறதா என்று கவனித்து வந்து எழுத வேண்டும். கடை முதலாளியே காசு கட்டி நம்மை வரவழைக்கிறார். கடையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ராஜாக்கள் மாறுவேடத்தில் நகர்வலம் போவார்களே, அதேதான். ராஜாக்கள் இல்லாததால் போத்தனூர் வெள்ளியங்கிரி போகிறேன்.

இதற்கு என்னைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. முப்பது வருஷம் கிரைண்டர் விற்றவன் நான். சந்தையில் மேசை போட்டு, ஊறின அரிசியை ஆட்டிக் காட்டி, மாவை உள்ளங்கையில் வைத்து ‘வெண்ணெய் பாருங்க, வெண்ணெய்’ என்பேன். கரண்டே வராத மலையூரில் கிரைண்டர் விற்றிருக்கிறேன். படிப்பு எட்டாவது. ஒன்பதாவதுக்குப் போகாததால்தான் மூளை தேயாமல் இருக்கிறது.

தம்பி மகள் மோனிஷா சென்னையில் அந்தக் கம்பெனியில் இருக்கிறாள். வருகிற அறிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை. அவள்தான் என் பெயரைச் சேர்த்துவிட்டாள். நான் சும்மா உட்கார்ந்திருப்பது நாட்டுக்கு நஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

இன்று செல்போன் கடை. நான் உள்ளே நுழைந்ததும் மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ஒரு களை இருந்தால் அப்படித்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

மோனிஷா கூப்பிட்டாள்.

“பெரியப்பா, நீங்க வந்ததும் மேனேஜர் எந்திரிச்சு நின்னாருன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா கண்ணு.”

“அங்க சேரே கெடையாதாம். எல்லாரும் நின்னுட்டேதான் இருப்பாங்களாம்.”

“அப்பப் பாரு, நான் சொன்னது சரியாத்தான இருக்குது. நின்னாரு.”

“சேல்ஸ்மேன் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு வேற எழுதியிருக்கீங்க.”

“என் பேச்சக் கேட்டு.”

“நெஜமா வந்துச்சா, பெரியப்பா?”

“அவனுக்கு ஜலதோசம்.”

“பாத்தது, கேட்டது. அவ்வளவுதான் வேணும். நீங்க நெனைச்சது வேண்டாம். இவரு யாரு, கதை எழுதறவரான்னு எங்க மேடம் கேட்டாங்க. எங்க பெரியப்பான்னு நான் சொல்லிக்கல,” என்றாள்.

வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அடக்கம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அடக்கம் அதிகம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கால் வலி. என் மனைவி நாயகி தைலம் தேய்த்துவிட்டாள். வேறு விசேஷமில்லை.

ஆகஸ்ட் 9, சனி

செருப்புக் கடை. கேட்க எளிதாகத் தெரியும். பல ஜோடிகளைப் போட்டுப் பார்க்க வேண்டும், எதையும் வாங்காமல் வர வேண்டும், அப்போது பணியாளர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இதுதான் வேலை.

பணியாளருக்கு என் வயதில் பாதிக்கு மேல் இருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். என் குதிகால் வெடிப்பைப் பார்த்தவர், “இதுக்கு மெத்துன்னு ஒண்ணு இருக்குதுங்கய்யா, இருங்க,” என்று ஏணியில் ஏறினார். அதையும் போட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இறுக்குகிறது என்றேன். இன்னொன்று எடுத்தார். அதையும் வேண்டாம் என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஆட்டிக் காட்டிய மாவோடு மேசையை மடித்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நடந்த நாட்கள் எனக்கும் உண்டு. அதிகம் இல்லை. ஒன்றிரண்டு. பத்து இருபது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாலிஷ் டப்பா ஒன்று வாங்கி வந்தேன். என்னிடம் ஷூ இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இதுவரை வந்ததெல்லாம் கத்துக்குட்டி வேலைகள். இன்று போனில் ஒரு பெரிய வேலை வந்தது. வந்த வேகத்தில் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் பயந்திருப்பார்கள்.

டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பெயரை எழுதக்கூடாது என்பது விதி. ‘பிடிக்கவில்லையா? பத்து நாளுக்குள் திருப்பித் தாருங்கள், ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்’ என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருக்கிறார்கள். அது நிஜமா என்று பார்க்க வேண்டும். கணவன் மனைவியாகப் போய், மகள் கல்யாணத்துக்கு என்று சொல்லிப் பட்டுச்சேலை எடுக்க வேண்டும். பணத்தைக் கம்பெனியே போட்டுவிடும். பத்து நாளுக்குள் சேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தம்பி பிள்ளைகளுக்குப் பெரியப்பா, மச்சினன் பிள்ளைகளுக்கு மாமா, தெருவில் மீதி எல்லோருக்கும் அங்கிள். இத்தனை பதவி எந்த மந்திரிக்கும் இல்லை.

சாயங்காலமே மோனிஷா கூப்பிட்டாள்.

“பட்டு வேலைய நீங்களா எடுத்தீங்க பெரியப்பா?”

“ஆமா. ஏன்?”

“பெரியம்மாகிட்டக் கேட்டீங்களா?”

“கேக்கறதுக்கு என்ன இருக்குது? அவ சும்மா நின்னாப் போதும். பேசறது என்ர டிபார்ட்மெண்டு.”

“வேண்டாம்னா சொல்லுங்க, வேற ஆளுக்கு மாத்திடறேன்.”

“எதுக்கு மாத்தோணும்?”

“சும்மாதான்,” என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாயகியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நாடகம் போட வராதுங்க.”

“நீ வாயே தொறக்க வேண்டாம். நாந்தான் பொண்ணப் பெத்தவன். நீ கூட வர்றவ.”

கூட வர்றவ என்று சொன்னது சரியில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாரை எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “ஆடி முடிஞ்சு போலாம். ஆடியில யாரும் கல்யாணப் பட்டு எடுக்க மாட்டாங்க,” என்றாள்.

எனக்கு இது தெரியாதா? அவள் சொல்லட்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நீளமாக எழுத வேண்டிய நாள்.

நாயகி தன் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள். நான் வெள்ளை வேட்டி, சந்தனக் கலர் சட்டை. பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். (ஒருவர். அவரும் இறங்க வேண்டியவர்.)

பட்டுப் பகுதி மூன்றாவது மாடியில். அம்சவேணி என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண். நாற்பதைத் தாண்டியிருக்கும். “வாங்கய்யா, வாங்கம்மா, உக்காருங்க. கல்யாணமுங்களா?” என்றது. எழுந்து வந்து கேட்டது, சிரித்தது. மனத்துக்குள் இரண்டு மதிப்பெண் போட்டேன்.

பிறகு என் ஆட்டம்.

“கல்யாணந்தானுங்க. ஒரே பொண்ணு. எம்.எஸ்.சி. முடிச்சிருக்குது. மாப்பிள்ளை பெங்களூருல இன்ஜினியரு, கம்பெனியில காரு குடுத்திருக்காங்க. ஐப்பசியில தேதி வெச்சாச்சு. கூறைப் பட்டு காட்டுங்க. ஒசத்தியா இருக்கோணும்.”

அம்சவேணி அலமாரியில் கை வைத்தபடியே திரும்பிப் பார்த்தது.

“கூறை மாப்பிள்ளை ஊட்டுலதானுங்களே எடுப்பாங்க?”

நான் போகாத கல்யாணமா? எத்தனை பந்தி விசாரித்திருப்பேன். ஆனால் யார் எந்தச் சேலையை எடுக்கிறார்கள் என்பது பந்தியில் தெரிவதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தவனுக்குத்தான் தெரியும். என் வாய் திறந்தபடி நின்றது. அது ஒரு வினாடிதான் இருக்கும்.

நாயகி சொன்னாள்: “கூறை அவிய எடுத்துக்குவாங்க. இது பொண்ணழைப்புக்கு. நாங்க கட்டிக் கூட்டிட்டுப் போறதுக்கு.”

“அப்படிச் சொல்லுங்கம்மா. அய்யனுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது,” என்று அம்சவேணி சிரித்தது. நானும் சிரித்தேன்.

“பாப்பா என்ன நெறமுங்க?”

எலுமிச்சம்பழம் மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“மாநெறம். என்னையாட்டம்,” என்றாள் நாயகி.

“ஒசரமுங்களா?”

“ஒசரம். அவரு மாதிரி.”

“பேரென்னங்க?”

பிரியதர்ஷினி என்று நான் யோசித்து வைத்திருந்தேன். நாகரிகமான பேர், இன்ஜினியருக்குப் பொருத்தம்.

“பூவிழி,” என்றாள் நாயகி.

அந்தப் பேரை நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது. கடைசியாக, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் வழியில், டாக்ஸியில் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை.

அப்புறம் நான் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டு பேரும் சேலைகளை விரித்தார்கள். நாயகி ஒன்றை எடுத்து, “இது அவளுக்கு வயசக் கூட்டிக் காட்டும்,” என்று தள்ளிவைத்தாள். இன்னொன்றை, “இது கனம், தாங்க மாட்டா,” என்றாள். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்டது வந்ததும் கையை எடுக்கவில்லை. “பாப்பா உங்களாட்டம்னா உங்க மேலயே வெச்சுப் பாத்தரலாமுங்க,” என்று அம்சவேணி அதை அவள் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தியது. நாயகி கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை. சேலையைத்தான் பார்த்தாள்.

பில் போட்டதும் முடிந்தது என்று நினைத்தேன். கல்யாணப் பட்டுக்கு அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. பித்தளைத் தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு வைத்து, நடுவில் சேலை. “அம்மா, முந்தானைய ஏந்துங்க,” என்றது அம்சவேணி.

நாயகி என்னைப் பார்த்தாள்.

எங்கள் சொந்தத்துக் கல்யாணங்களில் நாயகிக்குச் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரிய பொறுப்பைத்தான் கொடுப்பார்கள். தட்டு வாங்குவது, பொட்டு வைப்பது மாதிரி சின்ன வேலைகளுக்கு அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதில்லை.

நான் தலையை ஆட்டினேன். முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். அதை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அங்கே ஏசி அதிகம். அதையும் படிவத்தில் குறித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாயகி பீரோவிலிருந்து சேலையை எடுத்துப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்து வைத்தாள். மடிப்பு மாறக்கூடாது என்றேன். மாறவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

அறிக்கையைத் திருத்தம் எதுவும் இல்லாமல் ஏற்றுக்கொண்டாள் மோனிஷா. முதல்முறை. “நல்லா எழுதியிருக்கீங்க பெரியப்பா, உள்ளது உள்ளபடி,” என்று செய்தி அனுப்பினாள். உள்ளது உள்ளபடி எழுதியது எனக்கே ஆச்சரியம்தான். அன்றைக்கு நடந்ததோடு சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

பக்கத்து வீட்டு டீச்சர் துணிக்கடைப் பையைப் பார்த்துவிட்டு, “விசேசமுங்களாக்கா?” என்று கேட்டது. “ஆமாங்க,” என்று சொல்லிவிட்டு நாயகி உள்ளே வந்துவிட்டாள். வாழ்நாளில் பொய் சொல்லாதவள். அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் உக்கடம் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெரியவர். பேச்சுவாக்கில், “பொண்ணுக்கு ஐப்பசியில வெச்சிருக்கறமுங்க,” என்று சொன்னேன். வேலை சம்பந்தப்பட்ட ஒத்திகை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சேலையைத் திருப்பும் நாள் நெருங்குகிறது என்று சொன்னேன்.

“திருப்பித்தான் ஆகோணுங்களா?”

“விதி அப்படி.”

“என்ன சொல்லித் திருப்புவீங்க?”

“ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. கேள்வி கேக்க மாட்டோம்ங்கறதுதான வெளம்பரமே.”

“கேக்கலீன்னா? பொண்ணழைப்புப் பட்டு திரும்பி வந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு அந்த அம்சவேணிக்குத் தெரியாதா? கல்யாணம் நின்னு போச்சுன்னுதான நெனைக்கும்.”

“நெனைச்சா நெனைச்சுட்டுப் போகுது. இல்லாத பொண்ணு, இல்லாத கல்யாணம்.”

தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டாள்.

“இல்லாத பொண்ணுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கோணும். எம்.எஸ்.சி. படிக்க வெச்சீங்க. பெங்களூருல மாப்பிள்ளை பாத்தீங்க. ஐப்பசியில தேதி வெச்சீங்க. இப்ப நிறுத்தறதும் நீங்கதானா?”

சமாதானமாகச் சொன்னேன். என்னிடம் காரணத்துக்குப் பஞ்சமா? மாப்பிள்ளை குடிகாரன் என்று கடைசி நேரத்தில் தெரிந்தது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேறொரு குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா கார் கேட்டார். எதைச் சொன்னாலும் பழி அந்தப் பக்கம்தான் போகும், நம் பக்கம் ஒரு சொல் வராது என்றேன்.

“பழி யாரு மேல போனாலும் நின்னது அவ கல்யாணந்தானுங்க,” என்றாள்.

சாப்பாடு வழக்கம்போல் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

அவளை எதற்குக் கஷ்டப்படுத்துவது என்று நானே தனியாகச் சேலையை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் கூட்டம் தாங்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கூட்டம் இல்லை. எழுதிய பிறகு அந்த வரியைப் பார்த்தால் மோனிஷா குரல் கேட்கிற மாதிரி இருக்கிறது. வாசலில் காவலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் நின்றேன். அவரும் பிடித்துக்கொண்டே இருந்தார். “அப்பறம் வர்றனுங்க,” என்று சொல்லிவிட்டு எதிரே போய் ஒரு டீ குடித்தேன்.

டீக்கடையில் நின்று யோசித்தேன். கிரைண்டர் விற்கிற காலத்தில் எங்களுக்குள் ஒரு வசனம் உண்டு. பெண்கள் கூடி நிற்கும்போது, ‘எங்க ஊட்டுலயும் இதுதானுங்க. பள்ளிக்கூடம் போற எம்பொண்ணே சுச்சுப் போட்டு ஆட்டிரும்’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அங்கேயே இரண்டு கிரைண்டர் விலை போகும். என்னோடு வேலை பார்த்த எல்லோரும் சொன்னார்கள், கல்யாணமே ஆகாதவன்கூடச் சொன்னான். கல்லு காஷ்மீரத்திலிருந்து வருகிறது என்று சொல்லியிருக்கிறேன், மோட்டார் கப்பலில் வந்தது என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் நான் சொன்னதில்லை. அதனால் விற்பனை குறைந்திருக்கும். கணக்குப் பார்த்ததில்லை.

அப்படிப் பொத்தி வைத்திருந்ததைப் போய் ஒரு ஜவுளிக்கடையில் சொல்லிவிட்டேன். சொல்லும்போது வாய்க்கு இனிப்பாக இருந்தது, அதுதான் நிஜம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மோனிஷாவிடம் கேட்டேன். சேலையை நாங்களே வைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டால் என்ன என்று.

“கட்டலாம் பெரியப்பா. ஆனா வேலைய முடிக்கலன்னு போட்டுருவாங்க. அப்பறம் உங்களுக்கு வேலை வராது. அது போகட்டும், நான் பாத்துக்கறேன். பெரியம்மா வெச்சுக்கலாம்னு சொன்னாங்களா?”

நாயகியிடம் சொன்னேன். பெரிய மனது பண்ணிச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். “வெச்சுக்க. திருப்ப வேண்டாம். வேலை போனாப் போகுது.”

அவள் சந்தோஷப்படவில்லை.

“வெச்சு என்னங்க பண்றது? ஐப்பசி வந்தா?”

வைத்துக்கொண்டால் ஐப்பசியில் யாருக்குக் கட்டுவது. திருப்பினால் கல்யாணம் நின்றுபோகிறது.

“நாளைக்குக் கடைசி நாள்,” என்றேன்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா பேச வேண்டாம். நாளைக்கு நானும் வர்றேன். நீங்க அங்க வாயத் தொறக்கக் கூடாது.”

ஆகஸ்ட் 30, சனி

கடையில் கூட்டம். இது உண்மையான கூட்டம், ஆவணி முகூர்த்தக் கூட்டம். மூன்றாவது மாடியில் ஒரு முழுக் குடும்பமே உட்கார்ந்து சேலை பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் கல்யாணப் பெண், போனில் யாருக்கோ படம் அனுப்பிக்கொண்டு.

அம்சவேணி தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்தது. நாயகி கையில் இருந்த பையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குடும்பம் இருக்கும் இடத்தைத் தாண்டி ஓரமாக எங்களை அழைத்துப் போய் உட்கார வைத்தது. தண்ணீர் வந்தது. தானே போய்க் கொண்டுவந்தது. (படிவத்தில் இதற்குக் கேள்வி இல்லை.)

நாயகி பையை மேசைமேல் வைத்தாள். அம்சவேணி சேலையை எடுத்து ஓரம், முந்தானை, சீட்டு எல்லாம் பார்த்தது. வேறு ஆளாக இருந்தால் மளமளவென்று புரட்டியிருக்கும். இது தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி நிதானமாகப் புரட்டியது. பில்லை வாங்கி, கம்ப்யூட்டரில் பதிந்து, பணம் கணக்குக்கு வந்துவிடும் என்று சொல்லி, கையெழுத்து வாங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. விளம்பரம் நிஜம்தான்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். நாயகி எழுந்திருக்கவில்லை.

அம்சவேணி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது.

“காரணம் கேக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்கம்மா. நான் கேக்கலீங்க. பாப்பா நல்லா இருக்குதுங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

என்னிடம் குடிகார மாப்பிள்ளை தயாராக இருந்தான். பெங்களூர்க் குடும்பமும் இருந்தது. வாய் வரவில்லை. முப்பது வருஷம் சோறு போட்ட வாய். மேசையில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா இருக்கறா,” என்றாள் நாயகி. “அவளேதான் வேண்டாம்னுட்டா.”

“மாப்பிள்ளையவுங்களா?”

“மாப்பிள்ளை தங்கமான பையன். கல்யாணமே இப்ப வேண்டாம்னுட்டா. மேல படிக்கோணுமாம். அவிய ஊட்டுக்கு அவளே போன் பண்ணிச் சொல்லிட்டா. நாங்களும் செரின்னுட்டோம். புடிச்சு வெச்சுக் கட்டிக் குடுக்க முடியுங்களா?”

நான் நாயகியைப் பார்த்தேன். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். ஒரு பிசிறு இல்லை. என் மாப்பிள்ளையைக்கூடக் கெட்டவன் ஆக்காமல் அனுப்பிவைத்துவிட்டாள்.

அம்சவேணி மூச்சு விட்டது. “அட, நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டனுங்க. படிக்கட்டுமுங்கம்மா, நல்லாப் படிக்கட்டும். அந்த வயசுல எனக்கு அப்படிச் சொல்லத் தெரியல பாருங்க.” சேலையைத் தட்டிக்கொடுத்தது. “இது அங்க ஒரு பொண்ணு மஞ்சள் கேட்டுட்டு இருக்குது, அதுக்குக் காட்டறனுங்க. ராசியான சேலை.”

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தக் கல்யாணப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு மாம்பழ மஞ்சளைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நாயகி திரும்பவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. படிவத்தை அங்கேயே நிரப்பினேன். ‘திருப்பும்போது பணியாளர் காரணம் கேட்டாரா?’ யோசித்தேன். பாப்பா நல்லா இருக்கிறதா என்று கேட்டது. அது சேலையைப் பற்றிய கேள்வி இல்லை. இல்லை என்று போட்டேன். எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். அடுத்தது, ‘வாடிக்கையாளராக நீங்கள் ஏதேனும் காரணம் சொன்னீர்களா?’ மகள் மேலே படிக்க விரும்புகிறாள் என்று எழுதினேன். அனுப்பிய கொஞ்ச நேரத்தில், ‘சரி பெரியப்பா’ என்று மட்டும் மோனிஷாவிடமிருந்து வந்தது. ஒரு திருத்தமும் இல்லை.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு நாயகி பக்கம் திரும்பினேன்.

“என்ன படிக்கப் போறாளாம்?”

அவள் வெளியே பார்த்தாள். பஸ் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. குளத்துத் தண்ணீர் ஜன்னலில் மின்னியது.

“டாக்டருக்குப் படிக்கட்டும். இல்லாட்டி வெளிநாட்டுக்கு அனுப்பீரலாம். லண்டன்ல எனக்குத் தெரிஞ்சவங்க...”

“கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் நாயகி. “அது அவ இஷ்டம்.”